குறைமாதச் சிசுவின் மூச்சு

உறங்கும்போதும் நம்மைக் கேளாமலே நடைபெறும் காரியமாகிய சுவாசம், பிறந்தவுடனே எவருக்கும் பூரணமாகக் கைவந்துவிடுவது என்று எண்ணலாகாது. கர்ப்பத்திலேயே சிசு மார்பை அசைத்து மூச்சுவிடப் பழகுகிறது. பிராணவாயு தொப்புள்கொடி வழியே வந்துவிடுவதால், அவ்வசைவு நடுநடுவே நின்றாலும் அங்கே ஹானியில்லை. 28 வாரங்கூட நிரம்பாமல் பிறந்துவிடும் குழந்தை அதே பழக்கத்தை வெளியிலும் தொடர்கிறபோதுதான் விபரீதம் நேர்கிறது. சில விநாடிகள் நின்று மீளுவது நிறைமாதக் குழந்தைக்கும் இயல்பே. 20 விநாடி நின்றாலோ, அதற்குள்ளாகவே இருதயத் துடிப்புத் தளர்ந்தாலோ வைத்தியர் விரைந்தாக வேண்டும்.

இரத்தத்தில் கரியமிலவாயு மிகுந்தால் மூளையின் முகுளத்திலுள்ள சுவாசகேந்திரம் நம்மை ஆழ்ந்து மூச்சுவிடத் தூண்டும். குறைமாதச் சிசுவின் முகுளமோ அதற்கு மந்தமாகவே செவிசாய்க்கிறது. பிராணவாயு குறைந்தாலும் சற்றே வேகம் கொண்ட மூச்சு, பிறகு முன்னிலும் தளர்ந்துவிடும். தேவை மிகும்போது முயற்சி குறையும் இந்த முரணே இவ்விஷயத்தில் எனக்கு மிக வியப்பூட்டுவது.

உள்ளங்காலை மெல்ல வருடினாலே பல குழந்தைகள் மீண்டும் மூச்செடுத்துவிடும். அது போதாதபோது, மூக்கின் வழியே இடைவிடாத மெல்லிய காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதை மூடாமல் காக்கிறார்கள். ஆயினும் பெரிய உபகாரம் செய்தது, நாம் காலையில் விரும்பிப் பருகும் காப்பியின் சத்தாகிய காஃபீன்தான்! மூளையில் ஊறும் அடினோசின் என்னும் பொருள் சுவாசகேந்திரத்தை அடக்கிவைக்க, காஃபீன் அதனை வேலைசெய்யவொட்டாமல் மறித்துவிடுகிறது. 1977-இல் மாண்ட்ரியாலில் அராண்டா முதலிய வைத்தியர்கள் இதன் பயனை வெளியிட்டனர். எனினும் பார்பரா ஷ்மிட் தலைமையில் பல தேசங்களிலும் 2006 சிசுக்களைக் கொண்டு நடந்த பெரும் பரீட்சையின் முடிவு வெளிவந்த 2006-ஆம் ஆண்டிலேதான் ஐயம் பெரும்பாலும் நீங்கியது. கர்ப்பக் கணக்கில் 36 வாரத்தை எட்டிய பின்னும் செயற்கையாகப் பிராணவாயு கொடுக்க வேண்டியிருந்தவர்கள், மருந்து பெறாதவருள் நூற்றுக்கு 47 பேர். பெற்றவருள் 36 பேரே.

பெரியவர் உடலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும் காஃபீன், ஈரல் முதிராத சிசுவின் உடலில் பாதியாவதற்கு நான்கு நாள் வரையிலும் ஆகலாம். ஆதலால் எடையைக் கணக்கிட்டு, இருதயத் துடிப்பைக் கண்காணித்து ஆஸ்பத்திரியில் கொடுக்கத்தக்க இம்மருந்தை நினைத்துக்கொண்டு, வீட்டில் எக்குழந்தைக்கும் ஒரு சொட்டுக் காப்பியும் புகட்டாதிருக்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.