நான்கு கடற்புள்ளிகளுக்கு நடுவே ராஜபாளையம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பி நடக்கும் வேலைகள் நிறைந்த ஊர்கள். பேண்டேஜ் துணி ஏற்றிச் செல்லும் லாரியில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது. பட்டா உட்பிரிவுக்கு நிலம் அளக்க வரும் சர்வேயர் சங்கிலிக்குப் பதிலாக ரோவர் எனப்படும் கம்பக் கருவியை ஊன்றுகிறார். 2021இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காட்டில் ரோந்து போகும் வனக்காவலரின் தடம் கைபேசிச் செயலியில் பதிவாகிறது. இவர்கள் அனைவருக்கும் கிடைப்பது ஒரே வானத்துச் சமிக்ஞைதான் என்றாலும், அது பிழையாகும் வேளையில் அதை யார், எவ்வளவு நேரத்துக்குள், எந்த மொழியில் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு விமானிக்குக் கிடைக்கும் பதில் ஒன்று, சர்வேயருக்குக் கிடைக்கும் பதில் வேறொன்று.

வழிகாட்டிச் செயற்கைக்கோள் அனுப்புவது அடிப்படையில் நேரத்தைத்தான். சமிக்ஞை எப்போது புறப்பட்டது என்பதை அதிலுள்ள அணுக் கடிகாரம் சொல்ல, அது வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைத் தூரமாக மாற்றி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் தூரங்களைக் கொண்டு கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. ஒளியின் வேகத்தில் வரும் சமிக்ஞையில் ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தரையில் 300 மீட்டர் பிசகும் என்பதால், கடிகாரங்களையும் சுற்றுப்பாதைகளையும் தரையிலிருந்து ஓயாமல் கண்காணித்துத் திருத்தங்களை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தியாவின் நாவிக் அமைப்புக்கு இந்த வேலையைச் செய்யும் இஸ்ரோ வழிகாட்டல் மையம் பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் 2013 மே மாதம் தொடங்கப்பட்டது.

இந்தத் தரைப்பணியின் மறுபாதி பயனாளருக்குச் செய்தி சொல்வது. அமெரிக்க ஜிபிஎஸ் அமைப்பில் ஒரு செயற்கைக்கோளைப் பராமரிப்புக்காகச் சேவையிலிருந்து விலக்க வேண்டியிருந்தால், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வெளியாக வேண்டும் என்பது அதன் சேவைத் தர ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும் இலக்கு. அந்த அறிவிப்புகளைப் பொதுமக்களுக்குச் சேர்ப்பதும், 'என் கருவி தவறு காட்டுகிறது' என்று வரும் புகார்களைக் கேட்பதும் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கடலோரக் காவல்படையின் வழிகாட்டல் மையத்தின் பொறுப்பு. நிலம் அளப்பவரின் புகாரைக் கடலோரக் காவல்படை கேட்பது விந்தையாகத் தோன்றலாம். கப்பல்களுக்கான வானொலி வழிகாட்டலை நடத்திய பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததே காரணம்.

இப்படியொரு வாசல் எதற்கு என்பதை 2016 ஜனவரி 26ஆம் தேதி நடந்தது காட்டுகிறது. பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுபெறச் செய்தபோது, உலகப் பொது நேரத்தோடு ஒப்பிடுவதற்கான எண் ஒன்று தவறாக ஏறிவிட, சில செயற்கைக்கோள்கள் மணிக்கணக்கில் ஏறத்தாழ 13 மைக்ரோவிநாடி பிழையான நேரத்தை அறிவித்தன. இருப்பிடக் கணக்கு பாதிக்கப்படாததால் வாகனம் ஓட்டியவர் எவரும் எதையும் உணரவில்லை. ஆனால் அந்த நேரத்தை நம்பி ஓடிய டிஜிட்டல் வானொலி ஒலிபரப்பும் தொலைத்தொடர்புக் கருவிகளும் தடுமாறின.

ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டல் அமைப்புக்கு 2019 ஜூலையில் நேர்ந்தது இதனினும் பெரியது. செயற்கைக்கோள்கள் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்க, தரைக் கட்டுப்பாட்டு மையங்களில் நேரத்தையும் பாதையையும் கணிக்கும் ஏற்பாடு பழுதானதால், தேடல்–மீட்புச் சேவை தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒரு வாரம் முடங்கியது. 11ஆம் தேதி வந்த அறிவிப்பு தரம் குறையலாம் என்று மட்டும் சொன்னது. சேவையே இல்லை என்ற அறிவிப்பு வந்தது 13ஆம் தேதி. பழுதைவிட அந்த இரண்டு நாள் இடைவெளிதான் பயனாளர்களின் நம்பிக்கையைக் குலைக்கக்கூடியது.

இனி ராஜபாளையத்து வானத்துக்கு வரலாம். நாவிக் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், இந்தியாவை விட்டு அகலாத வகையில் நிறுத்தப்படுபவை. அவற்றின் இடங்களில், 83 டிகிரி கிழக்கு நெட்டாங்கில் உள்ளது ராஜபாளையத்திலிருந்து பார்க்கையில் கிட்டத்தட்ட உச்சியில், அடிவானத்திலிருந்து 77 டிகிரி உயரத்தில் அமைகிறது, மேற்கே 32.5 டிகிரி நெட்டாங்கில் உள்ள இடமோ 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஊருக்குள் இது போதுமான உயரம். ஆனால் அய்யனார் கோயில் ஆற்றின் பள்ளத்திலோ செண்பகத்தோப்பின் மடிப்புகளிலோ மேற்கு மலைச்சரிவை ஒட்டி நிற்பவருக்கு மலை அந்தத் திசையை மறைத்துவிடக்கூடும். இதன் கனத்தை 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: அதுவரை ஏவப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் இருப்பிடச் சேவை தந்துகொண்டிருந்தவை நான்கு, நான்கு செய்தி ஒலிபரப்புக்கு மட்டும் பயன்பட்டன, ஒன்று ஓய்வுபெற்றது, இரண்டு உரிய பாதையை எட்டவில்லை. தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையும் நான்கு, இருந்தவையும் நான்கு எனும்போது, ஒன்றை மலை மறைத்தாலும் நாவிக்கால் மட்டும் இருப்பிடம் சொல்ல முடியாது. கைபேசிகள் ஜிபிஎஸ் முதலானவற்றையும் சேர்த்தே பயன்படுத்துவதால் இந்தக் குறை யாருடைய கண்ணிலும் படுவதில்லை.

மலையைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒட்டிச் செல்கிறது; 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்தியாவின் முதல் ராக்கெட் ஏவுதலுக்குக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். தும்பாவிலிருந்து நேர்கோட்டுத் தூரத்தில் 125 கிலோமீட்டர் அளவே தள்ளியிருக்கும் ராஜபாளையமும் இந்தக் கோட்டின் அண்டைவீடுதான். வெயிலால் மின்னேற்றம் பெற்ற மேல்வளி அடுக்கான அயனி மண்டலம் இங்கே பகலில் தடித்து, சமிக்ஞையைத் தாமதப்படுத்திப் பத்து மீட்டருக்கும் மேல் பிழை உண்டாக்க வல்லது. சூரியன் மறைந்தபின் அதன் கீழ்ப்பகுதி விரைந்து கலைய, அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து மேலெழும்பி, காந்தக் கோடுகளின் வழியே வடக்கும் தெற்குமாக நீள்கின்றன. அவற்றைக் கடந்து வரும் சமிக்ஞை நடுங்கி, சில வேளை கருவியின் பிடியிலிருந்து நழுவியும் விடுகிறது. குமிழி பிறப்பது நடுக்கோட்டில் என்றாலும் நடுக்கம் மிகக் கடுமையாக இருப்பது வடக்கே, மத்திய இந்தியாவின் வானத்தில் என்பது தென்மாவட்டங்களுக்கு ஒரு சிறு ஆறுதல். சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில், மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய முன்னிரவுகள் இதற்குப் பேர்போனவை.

இந்த அயனி மண்டலத்தோடு மல்லுக்கு நின்று உருவானது ககன். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் அமைத்த இந்த ஏற்பாட்டில், நாடெங்கும் 15 குறிப்பு நிலையங்கள் ஜிபிஎஸ் சமிக்ஞையை அளந்து அனுப்ப, பெங்களூரு மையம் திருத்தங்களைக் கணக்கிட்டு புவிநிலைச் செயற்கைக்கோள்கள் வழியே திருப்பி ஒலிபரப்புகிறது. 2015இல் உயர வழிகாட்டலுடன் கூடிய தரையிறக்கத்துக்குச் சான்று பெற்ற இது, காந்த நடுக்கோட்டுப் பகுதியில் அத்தகைய சான்று பெற்ற முதல் அமைப்பு. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட்டில் பயணியர் விமானம் ஒன்று இதன் துணையோடு இறங்கிக் காட்டியது. இத்தரத்துக்குப் பன்னாட்டு விதி கேட்பது என்னவென்றால், சமிக்ஞை நம்பத்தகாததாக மாறினால் பத்து விநாடிக்குள் விமானியின் கருவிக்கு எச்சரிக்கை போய்விட வேண்டும்.

ககன் அயனி மண்டலத் தாமதத்தை ஐந்து டிகிரிக்கு ஒன்றாக வானில் போட்ட கட்டங்களின் மூலைகளில் மதிப்பிட்டு அறிவிக்கிறது. கருவி தன்னைச் சூழ்ந்த நான்கு மூலைகளின் எண்களைக் கொண்டு தன் தலைக்கு மேலுள்ள தாமதத்தைக் கணிக்கிறது. 9.45 டிகிரி வடக்கிலும் 77.55 டிகிரி கிழக்கிலும் இருக்கும் ராஜபாளையத்துக்கும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வாய்த்த கட்டத்தின் நான்கு மூலைகளுமே கடலுக்கு மேலே விழுகின்றன: ஒன்று கேரளத்துக்கு மேற்கே, ஒன்று கோடியக்கரைக்கு அருகே, மற்ற இரண்டும் இலங்கையின் தென்முனைக்கும் கீழே. குறிப்பு நிலையங்களில் தென்கோடியானது திருவனந்தபுரம். அதற்குத் தெற்கே அளக்க ஆளில்லை. ஆகவே தென் மூலைகளின் எண்கள் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்துச் சொல்லும் எண்களாகவே இருக்க முடியும் என்பதால், திருத்தத்தோடு அதன் நம்பகத்தன்மை அளவையும் சேர்த்தே ககன் ஒலிபரப்புகிறது. நேர்மையான சேவைக்கு இதுவே அடையாளம் எனலாம்.

விமானத்துக்குச் சொல்லப்படும் இந்த நேர்மை வரப்பில் நிற்கும் சர்வேயரின் கருவியில் இரண்டு சொற்களாகச் சுருங்கிவிடுகிறது. இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள நிரந்தர நிலையங்களிலிருந்து திருத்தம் பெறும் ரோவரின் திரையில் 'ஃபிக்ஸ்' என்று நின்றால் அளவு சென்டிமீட்டர் கணக்கில் சரி. 'ஃப்ளோட்' என்று மாறினால் அரை மீட்டரோ அதற்கு மேலோ விலகலாம். இரண்டு சென்ட் மனைக்கு அரை மீட்டர் என்பது கோர்ட்டுக்குப் போகும் அளவு. ஃப்ளோட்டுக்குக் காரணம் தென்னந்தோப்பின் மட்டையா, கைபேசிக் கோபுரத்தின் சிக்னலா, அயனி மண்டலமா என்பதைத் திரை சொல்லாது. அனுபவசாலிகள் அளவு தெரிந்த பழைய சர்வே கல்லின் மேல் கம்பத்தை ஊன்றிச் சோதித்துக்கொண்டு, முடிந்தவரை காலையிலேயே வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள்.

கடலோரத்தில் நிலைமை சற்று மேல். 2017இல் ஒக்கி புயலில் ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராத துயரத்துக்குப் பிறகு, ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் மையம் 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியே வரும் புயல், அலை, மீன்வளப் பகுதிச் செய்திகளை அது படகிலுள்ள கைபேசிக்குக் கொடுக்க, செயலி பிராந்திய மொழிகளில் காட்டுகிறது. அதே செயற்கைக்கோள்கள் ராஜபாளையத்துக்கு மேலும் நான்கு மூலைகளின் எண்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இலவசமாகத் தூவிக்கொண்டிருக்கின்றன. 'இன்று முன்னிரவு எல்லைக்கல் நடும் அளவு வேண்டாம்' என்ற ஒரு வரியை அந்த எண்களிலிருந்து வடித்தெடுக்கப் புதிய ராக்கெட் எதுவும் தேவையில்லை. வட்ட நில அளவை அலுவலகத்துக்கு அதை அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று எழுதப்பட வேண்டும், அவ்வளவே.