கடை கட்டினா கூட்டம் வந்துடுமா? வணிக வளாகம் களை கட்டுவதன் சூட்சுமம்!

திருக்கோவிலூர்:

ஒரு வளாகத்தில் கால் வைக்க இடமில்லை. பக்கத்து வளாகத்தில் ஈ ஓட்டுகிறார்கள். ரெண்டும் ஒரே தெரு, ஒரே மாதிரி கான்கிரீட், ஒரே மாதிரி ஷட்டர். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

கட்டிடத்துல ஒண்ணும் இல்லை. எந்த கடைக்கு பக்கத்துல எந்த கடை இருக்கு என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

திருக்கோவிலூருக்கு இது சும்மா பேச்சு இல்லை. 2019 நவம்பர் 26-ந்தேதி கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2021-ல் திருக்கோவிலூர் பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர்ந்தால் ஆசையும் வளரும். தியேட்டர், ஓட்டல், துணிக்கடை, பசங்க விளையாட ஒரு இடம், எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் விழுப்புரம், திருவண்ணாமலை, பாண்டிச்சேரி என்று பஸ் ஏறிப் போகும் பணம் உள்ளூரிலேயே சுற்றும். ஆனால் கணக்கு தப்பினால் கோடிக்கணக்கில் போட்ட பணம் பூட்டின ஷட்டராக நிற்கும்.

தை 5 சொல்லும் பாடம்

இந்த கணக்கு நம்ம ஜனங்களுக்கு புதுசு இல்லை. தை 5-ந்தேதி தென்பெண்ணையில் நடக்கும் ஆற்றுத் திருவிழாவை பார்த்தாலே போதும். பக்கத்து மணலூர்பேட்டைக்கு திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிறார். சாமி பார்க்க வரும் கூட்டம் சாமியை மட்டும் பார்த்து விட்டு திரும்புமா? கரும்பு, கிழங்கு, வளையல், பொம்மை, ராட்டினம், மிளகாய் பஜ்ஜி என்று ஒவ்வொரு கடையாக நின்று நின்றுதான் வீடு போய் சேரும்.

வளையல் வாங்குவதற்காக யாரும் ஆற்றுக்கு வருவதில்லை. ஆனால் வந்த இடத்தில் வளையல் வாங்காமல் போவதும் இல்லை. தாத்தாவுக்கு சாமி, அம்மாவுக்கு வளையல், பையனுக்கு ராட்டினம். ஒரு குடும்பத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒண்ணு இருக்கிறது. அதனாலதான் குடும்பமே கிளம்பி வருகிறது. வளாகத்துக்கும் இதுதான் முதல் விதி.

இழுக்கிற கடை, பிழைக்கிற கடை

எந்த வளாகத்திலும் ரெண்டு வகை கடை உண்டு. ஒண்ணு, கூட்டத்தை வீட்டில் இருந்து கிளப்பி இழுத்து வருவது. தியேட்டர், பெரிய துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் இந்த ரகம். இன்னொண்ணு, வந்த கூட்டத்தை நம்பி பிழைப்பது. ஜூஸ் கடை, பேன்சி ஸ்டோர், செல்போன் கவர் கடை இந்த ரகம்.

பெரிய மால்களில் இழுக்கிற கடைக்கு சதுர அடி வாடகை குறைவாக இருக்கும். சின்ன கடைக்கு அதிகம். கேட்டால் அநியாயம் போல தெரியும். ஆனால் தியேட்டர் கூட்டி வரும் ஜனத்துக்குத்தான் சின்ன கடைக்காரர் கூடுதல் வாடகை கொடுக்கிறார்.

வெறும் பிழைக்கிற கடையாக 20 கட்டினால் என்ன ஆகும்? 20 பேரும் வாசலில் உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

இழுக்கிற கடையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வாசலிலேயே வைத்தால் படம் முடிந்ததும் கூட்டம் நேராக ரோட்டுக்கு போய்விடும். சென்னை ராயப்பேட்டையில் 2010-ல் திறந்த எக்ஸ்பிரஸ் அவென்யூவில் தியேட்டரும் சாப்பாட்டு கூடமும் மேல் தளங்களில் இருக்கின்றன. மேலே போகிறவர் வழியில் இருக்கும் கடைகளை கண்ணால் பார்க்காமல் போக முடியாது.

நாளங்காடி, அல்லங்காடி

மதுரைக்காஞ்சியில் பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்றும் பெயர் வருகிறது. பகலுக்கு ஒரு வியாபாரம், ராத்திரிக்கு ஒரு வியாபாரம் என்று அப்போதே பிரித்து வைத்திருக்கிறார்கள். மதுரைக்கு தூங்கா நகரம் என்ற பேர் இன்றைக்கும் நிற்கிறது.

இதையே 1961-ல் அமெரிக்காவில் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற பெண் எழுத்தாளர் நகரங்களைப் பற்றிய தன் புத்தகத்தில் சொன்னார். ஒரு தெரு உயிரோடு இருக்க வேண்டும் என்றால் அங்கே ஒரே வேலைக்கு எல்லாரும் வரக்கூடாது. வெவ்வேறு வேலைக்கு, வெவ்வேறு நேரத்தில் ஆட்கள் வரவேண்டும் என்பது அவர் கருத்து.

தியேட்டர் மட்டும் இருந்தால் காட்சி விடும்போது பத்து நிமிடம் கூட்டம், அப்புறம் மூன்று மணி நேரம் வெறிச். ஆபீஸ் மட்டும் இருந்தால் சாயங்காலம் 6 மணிக்கு மேல் நாய்கூட வராது. டிபன் கடைக்கு காலை 7 மணி, பேங்க், ஜெராக்ஸ் கடைக்கு 11 மணி, டியூஷனுக்கு 5 மணி, தியேட்டருக்கு 9 மணி. இப்படி மாற்றி மாற்றி ஆள் வந்தால்தான் டீக்கடைக்காரர் நாள் பூரா அடுப்பை அணைக்காமல் இருப்பார்.

சபையர், தேவி காட்டிய வழி

சென்னை அண்ணா சாலையில் 1964-ல் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், புளூ டயமண்ட், எமரால்டு என மூன்று தியேட்டர். இதில் புளூ டயமண்டில் படம் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கூட்டம் மொத்தமாக வந்து மொத்தமாக போகாமல், கொஞ்சம் கொஞ்சமாக வந்தபடி இருந்தது. சபையர் 1994-ல் மூடப்பட்டது.

அதே சாலையில் 1970-ல் வந்த தேவி வளாகத்தில் நாலு தியேட்டர், நாலும் வேற வேற அளவு. புது படத்துக்கு பெரிய தியேட்டர், கூட்டம் குறைந்தால் சின்ன தியேட்டர். ஆயிரம் பேர் உட்காரும் ஹாலில் அம்பது பேரை வைத்து ஓட்டும் நஷ்டம் இல்லை.

ஒரே பெரிய தியேட்டரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை தங்கம் தியேட்டர் சாட்சி. 1952-ல் பராசக்தி படத்தோடு தொடங்கிய இந்த தியேட்டர் ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய தமிழக தியேட்டர்கள் நவம்பர் 10-ந்தேதிதான் திறந்தன. அந்த ஏழு மாதமும் மளிகையும் மருந்தும் இருந்த கடைத்தெருக்கள் மூச்சு விட்டன. தியேட்டரை மட்டும் நம்பியவர்கள் தவித்துப் போனார்கள்.

சாவி யார் கையில்?

அண்ணா சாலை ஸ்பென்சர் பிளாசாவை தெரியாதவர் இல்லை. பழைய கட்டிடம் 1983-ல் தீயில் போனது. புது வளாகம் 1990-களில் சென்னையின் முதல் பெரிய மால் ஆனது. ஆனால் அங்கே பல கடைகள் தனித்தனி ஆட்களுக்கு விற்கப்பட்டவை. வாங்கினவர் தனக்கு பிடித்த வியாபாரம் செய்வார், இல்லை யாருக்காவது வாடகைக்கு விடுவார். தியேட்டரும் கிடையாது. தியேட்டரோடு புது மால்கள் வந்ததும் கூட்டம் அந்த பக்கம் சாய்ந்தது.

ஒரே நிர்வாகம் இருந்தால் கதை வேறு. "இங்கே ஏற்கனவே மூணு செருப்புக் கடை இருக்கு, நாலாவது வேணாம், ஐஸ்கிரீம் கடை வரட்டும்" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார்.

அப்போ ஒரே மாதிரி கடைகள் சேர்ந்தால் தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. நகை, பட்டு, எலக்ட்ரானிக்ஸ் போன்றவற்றை நாலு கடை ஏறி விலை பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குவார்கள். தி.நகரும் ரிச்சி தெருவும் அப்படித்தான் வளர்ந்தன. ஆனால் அது சாமான் வாங்கும் இடம். குடும்பத்தோடு சாயங்காலத்தை கழிக்கும் இடத்துக்கு அந்த கணக்கு செல்லாது.

அமெரிக்காவில் விழுந்த கதை

1976-ல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் குயின்சி மார்க்கெட் என்ற பழைய சந்தைக் கட்டிடத்தை புதுப்பித்து திறந்தார். பெரிய கடை எதுவும் இல்லை. சின்ன சின்ன சாப்பாட்டுக் கடைகள், தள்ளுவண்டிகள். பக்கத்தில் ஏகப்பட்ட ஆபீஸ்கள் இருந்ததால் மதியமும் கூட்டம், ராத்திரியும் கூட்டம்.

இதை பார்த்து ஊர் ஊருக்கு காப்பி அடித்தார்கள். மிச்சிகன் மாநிலம் பிளின்ட் நகரில் 1984-ல் கார்களை வைத்து ஆட்டோவேர்ல்டு என்ற பொழுதுபோக்கு வளாகம் திறந்தார்கள். ஆறு மாதத்திலேயே, 1985 ஜனவரியில் மூட வேண்டி வந்தது. ஒரு தடவை பார்த்தவர் மறுபடி வர அங்கே காரணம் இல்லை. கார் தொழிற்சாலை வேலைகள் குறைந்து கொண்டிருந்த ஊரில் ஜனங்கள் கையில் காசும் இல்லை.

ரவுஸ் கட்டிய இன்னொரு வளாகமான பால்டிமோர் ஹார்பர்பிளேஸ் 1980-ல் ஓகோவென்று தொடங்கியது. 2019-ல் கோர்ட் நியமித்த நிர்வாகியின் கைக்கு போனது. வெளியூர்க்காரரை மட்டும் நம்பினால் நிலைக்காது, உள்ளூர்க்காரர் வாரம் ஒரு தடவையாவது வர காரணம் வேண்டும் என்பதுதான் இதில் கிடைக்கும் பாடம்.

ஏலத்தில் இருக்கும் சிக்கல்

நகராட்சி கட்டும் வளாகத்தில் கடைகள் பொது ஏலத்தில் போகும். யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கே கடை. வெளிப்படையான முறைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கலவை யார் கையிலும் இருக்காது. லாபம் அதிகம் உள்ள ஒரே வியாபாரம் ஏழெட்டு கடையை எடுத்துவிடும். மாடிக் கடைகளை கேட்க ஆள் இருக்காது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பஸ் நிலையங்களில் சைக்கிள் ஸ்டாண்டு, கட்டண கழிப்பிடம் போன்றவற்றை தனித்தனியாகத்தான் ஏலம் விடுகிறார்கள். அதே மாதிரி இது டிபன் கடைக்கு, இது மருந்துக் கடைக்கு, இது பசங்க விளையாட்டுக்கு என்று முதலிலேயே பிரித்து ஏலம் விட்டால் போட்டியும் இருக்கும், கலவையும் கெடாது.

நம்ம ஊருக்கு எந்த கலவை?

2011 கணக்கெடுப்பில் திருக்கோவிலூரின் ஜனத்தொகை சுமார் 30 ஆயிரம். எட்டு தியேட்டர் கட்டினால் தாங்காது. ஆனால் ஊரின் பலம் ஜனத்தொகையில் மட்டும் இல்லை. உலகளந்த பெருமாள் கோவில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. கீழையூர் வீரட்டேஸ்வரர் கோவில் அட்ட வீரட்டானங்களில் ஒன்று. காலையில் வரும் பக்தர் கூட்டம் அதனால் எப்போதும் உண்டு. சுற்று கிராமங்களில் இருந்து பஸ்சில் வரும் கூட்டம் பகலுக்கு. பள்ளிக்கூட பசங்க சாயங்காலத்துக்கு. இருக்கிற இந்த மூன்று கூட்டத்தையும் ராத்திரி வரை பிடித்து வைப்பதுதான் வேலை.

அதற்கு ஏற்ற கலவை இப்படி இருக்கலாம்:

* கூட்டம் இழுக்க ரெண்டு சின்ன தியேட்டர், ஒரு சூப்பர் மார்க்கெட். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தாங்கும்.

* காலை டிபன், மதிய சாப்பாடு, சாயங்கால பஜ்ஜி, ராத்திரி புரோட்டா, பிரியாணி என்று நேரத்துக்கு ஒரு சாப்பாடு.

* தரைத்தளத்தில் போகிற போக்கில் வாங்கும் கடைகள். தேடிப் போகும் டெய்லர், பல் டாக்டர், கம்ப்யூட்டர் சென்டர், டியூஷன் எல்லாம் மாடிக்கு.

* காசு கொடுக்காமல் உட்கார ஒரு திண்ணை, பசங்க ஓட ஒரு திடல். சும்மா உட்கார்ந்தவர்தான் அரை மணி கழித்து டீ குடிப்பார்.

* சுத்தமான கழிப்பிடம், நல்ல வெளிச்சம், பைக் நிறுத்த இடம். பக்கத்திலேயே மதுக்கடை இருந்தால் குடும்பம் எட்டிப் பார்க்காது.

கடைசி பஸ்தான் முக்கியம்

2019 ஜூனில் தமிழக அரசு, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்து வைக்க அனுமதி கொடுத்தது. பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. சட்டம் வழி விட்டாலும் கிராமத்து கடைசி பஸ் 9 மணிக்கே கிளம்பிவிட்டால் ராத்திரி காட்சிக்கு யார் இருப்பார்? பெண்கள் எப்படி வருவார்கள்? படம் விடும் நேரத்துக்கு ரெண்டு டவுன் பஸ் இருந்தால் தியேட்டருக்கு மட்டும் இல்லை, புரோட்டா கடையில் இருந்து பூக்கடை வரை எல்லாருக்கும் வியாபாரம்.

அதனால் வளாகத்துக்கு பிளான் போடும்போது எத்தனை ஷட்டர் என்று எண்ணுவதற்கு முன்னால், காலை 7 மணிக்கு யார் வருவார், மதியம் யார் வருவார், ராத்திரி 10 மணிக்கு அவர் எப்படி வீடு போவார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. அந்த தாளில் காலியாக நிற்கும் நேரம்தான் நாளைக்கு ஷட்டர் சாத்தும் நேரம்!