மரபறிந்த அலுவலர் வேண்டும்!

2021 ஏப்ரல் 6-ஆம் தேதி, துருக்கி அதிபர் எர்டோகனைச் சந்திக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் இரு தலைவர்கள் அங்காராவுக்குச் சென்றனர். ஒருவர் ஐரோப்பிய கவுன்சிலின் தலைவர் சார்லஸ் மிஷெல்; மற்றொருவர் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லேயன். அறையின் நடுவில் இரண்டு நாற்காலிகளே போடப்பட்டிருந்தன. அவற்றில் எர்டோகனும் மிஷெலும் அமர்ந்துவிட, வான் டெர் லேயன் நின்றபடி திகைத்தார். பிறகு சற்றுத் தள்ளியிருந்த சோஃபாவில் அமர்ந்தார். அன்று பேசப்பட்டவை எல்லாம் மறைந்துபோய், அந்த சோஃபா மட்டுமே உலகச் செய்தியானது. ஐரோப்பியத் தரப்பின் விருப்பப்படியே இருக்கைகள் அமைக்கப்பட்டன என்றது துருக்கி. அந்த அறையை முன்கூட்டியே பார்வையிடத் தங்களுக்கு வாய்ப்பு கிடைக்கவில்லை என்றனர் கவுன்சிலின் மரபு அதிகாரிகள்.

அரசு மரபுநெறி, அதாவது ‘புரோட்டோகால்’ என்றவுடன் நம் மனதில் எழும் சித்திரம் சிவப்புக் கம்பளம், பூங்கொத்து, சுழல்விளக்கு வாகனம். அலுவலர்களுக்கு இதில் பயிற்சி அளிப்பதாகச் செய்தி வந்தால், முட்கரண்டி பிடிக்கக் கற்றுத்தருகிறார்கள் என்று நகைப்பவர்களே அதிகம். உண்மையில், இந்த நெறிகள் பிறந்த கதையில் ரத்தம் உண்டு.

1661-இல் ஸ்வீடன் நாட்டுத் தூதர் லண்டனுக்கு வந்திறங்கியபோது, வரவேற்பு ஊர்வலத்தில் மன்னரின் வண்டிக்கு அடுத்து யாருடைய வண்டி செல்வது என்பதில் பிரான்ஸ், ஸ்பெயின் தூதர்களின் ஆட்கள் தெருவிலேயே மோதிக்கொண்டனர். மனிதர்களும் குதிரைகளும் மாண்டனர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி போர் தொடுப்பதாக மிரட்ட, ஸ்பெயின் பணிந்தது. வண்டி வரிசைக்காகவா என்று இன்று கேட்கத் தோன்றும். எந்த மன்னர் பெரியவர் என்பதற்கு வேறு அளவுகோல் இல்லாத காலத்தில், வண்டி வரிசையே அளவுகோலாக இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு 1815-இல் வியன்னா மாநாடு கண்ட தீர்வு எளிமையானது. தூதர்களிடையே முன்னுரிமை, அவர்களது நாட்டின் பெருமையைப் பொறுத்ததல்ல. அவர்கள் பொறுப்பேற்ற நாளைப் பொறுத்தது. 1961-ஆம் ஆண்டின் தூதரக உறவுகளுக்கான வியன்னா உடன்படிக்கை இதையே 16-ஆவது பிரிவில் உறுதிசெய்தது. ஒரு தலைநகரில் முதலில் பொறுப்பேற்றவர் சிறு தீவு நாட்டின் தூதர் எனில், பின்னர் வந்த வல்லரசின் தூதர் அவருக்கு அடுத்துதான் நிற்க வேண்டும். நாடுகள் யாவும் சமம் என்ற கோட்பாடு நடைமுறையில் கண்ணுக்குத் தெரியும் இடங்களுள் இது ஒன்று.

இந்தியாவில் 1979 ஜூலை 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் செயலகம் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியல், திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. அயல்நாட்டுத் தூதர்கள் அதில் எட்டாவது இடத்தில் இருக்கின்றனர். தமது மாநிலத்துக்கு வெளியே செல்லும் ஆளுநர்களும் முதல்வர்களும் அதே இடத்தில்தான். இந்தப் பட்டியல் அரசு விழாக்களுக்கு மட்டுமே உரியது, அன்றாட நிர்வாகத்துக்கு அல்ல. இதை அறியாமல் கோயில் திருவிழா மேடை வரை இதைக் காட்டி வாதிடுவோரைப் பார்க்கிறோம்.

கொடி விஷயத்துக்கு வருவோம். பிற நாட்டுக் கொடிகளுடன் நேர்வரிசையில் பறக்கும்போது நமது தேசியக் கொடி வலது கோடியில் இருக்க வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு. யாருடைய வலது? கொடி வரிசையின் நடுவில் பார்வையாளர்களை நோக்கி ஒருவர் நின்றால், அவருடைய வலது. எதிரே அமர்ந்திருப்பவர்களுக்கு அது இடது கோடி. மற்ற நாடுகளின் கொடிகள் அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையில் அடுத்தடுத்து வரும். ‘வலது’ என்ற ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் வரிசை முழுவதும் தலைகீழாகிவிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது, கிளாஸ்கோவில் நடந்த மகளிர் கால்பந்துப் போட்டிக்கு முன்பு வடகொரிய வீராங்கனைகளின் பெயர்களுக்கு அருகே திரையில் தென்கொரியக் கொடியைக் காட்டிவிட்டனர். அவர்கள் ஆட மறுத்து வெளியேற, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாமதமானது. 2010-இல் நியூயார்க்கில் ஆசியான் தலைவர்களுடன் அமெரிக்கா நடத்திய கூட்டத்தில் பிலிப்பின்ஸ் கொடி தலைகீழாக வைக்கப்பட்டது. அந்நாட்டில் கொடியைத் தலைகீழாக ஏற்றுவது போர் நிலையைக் குறிக்கும். அமெரிக்கா வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வல்லரசுகளின் அலுவலர்களும் சறுக்கும் இடம் இது.

பணிவு மிகுந்தாலும் ஆபத்தே. 2016 ஜனவரியில் ஈரான் அதிபர் ரூஹானி ரோமுக்கு வந்தபோது, கேப்பிடோலைன் அருங்காட்சியகத்தின் பழம்பெரும் நிர்வாணச் சிலைகளை வெண்பலகை அடைத்து மறைத்தனர். விருந்தினரை மகிழ்விக்கும் நோக்கம்தான். ஆனால், சொந்தப் பண்பாட்டையே மூடி மறைத்ததாக இத்தாலியர்கள் கொதித்தனர். தாம் அப்படிக் கேட்கவில்லை என்று ரூஹானியும் கூறிவிட்டார். விருந்தினர் எதை விரும்புவார் என்று ஊகிப்பதைவிட, அவரது தூதரகத்தை முன்கூட்டியே கேட்டறிவதுதான் மரபுநெறியின் பாலபாடம்.

மரபை அறிந்து மீறுவது வேறு. 2015 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமாவை வரவேற்கப் பிரதமர் மோடி தாமே விமான நிலையத்துக்குச் சென்றார். வழக்கமாகப் பிரதமர் செல்வதில்லை என்பதால்தான் அந்தச் செயலுக்குப் பொருள் கிடைத்தது.

இவையெல்லாம் மேடையில் நிகழ்பவை; தவறினால் தலைக்குனிவோடு போகும். பயிற்சியின்மை உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஊறு விளைவிக்கும் இடம் வேறு. அதுவே காவல் நிலையம்.

துணைத் தூதரக உறவுகளுக்கான 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை, 36-ஆவது பிரிவில் ஒரு கடமையை விதிக்கிறது. அயல்நாட்டவர் ஒருவர் கைது செய்யப்பட்டால், தம் நாட்டுத் தூதரக அலுவலரைத் தொடர்புகொள்ளும் உரிமை தமக்கு உண்டு என்பதை அவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். அவர் கோரினால் தூதரகத்துக்கும் தகவல் தர வேண்டும். அந்த அலுவலர் சிறைக்கு வந்து பார்க்கவும், வழக்குரைஞரை ஏற்பாடு செய்யவும் அனுமதிக்க வேண்டும்.

குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா சர்வதேச நீதிமன்றத்தை நாடியது இந்தப் பிரிவின் துணைகொண்டுதான். அவருக்கு உரிமையைத் தெரிவிக்காமலும் இந்தியத் தூதரக அலுவலர்களைச் சந்திக்க விடாமலும் பாகிஸ்தான் உடன்படிக்கையை மீறியது என்று 2019 ஜூலை 17-ஆம் தேதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரண தண்டனையை மறுபரிசீலனை செய்யவும் உத்தரவிட்டது. இலங்கைக் கடற்படையிடம் சிக்கிச் சிறையில் வாடும் ராமேசுவரம், நாகப்பட்டினம் மீனவர்களை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரக அலுவலர்கள் சென்று காண முடிவதும் இதே நெறியால்தான். அங்கே நமக்குக் கிடைக்க வேண்டிய உரிமையை, இங்கே கைதாகும் இலங்கை மீனவருக்கும், சுற்றுலாப் பயணிக்கும், அயல்நாட்டு மாணவருக்கும் நாம் மறுக்கலாகாது. கைது செய்பவர் வெளியுறவுத் துறைச் செயலர் அல்லர்; கடலோர ஊர் ஒன்றின் உதவி ஆய்வாளர். உடன்படிக்கையை நிறைவேற்றுவதும் மீறுவதும் அவர் கையில் இருக்கிறது.

சட்ட விலக்குரிமை பற்றிய குழப்பமும் இத்தகையதே. புது தில்லியில் தூதரகத்தில் பணிபுரியும் தூதரைக் கைது செய்ய முடியாது; அவர் வரம்பு மீறினால் அவரது நாட்டிடம் விலக்குரிமையைக் கைவிடக் கோரலாம், அல்லது ஏற்கத்தகாதவர் என்று அறிவித்து வெளியேற்றலாம். சென்னையில் இருப்பவையோ பெரும்பாலும் துணைத் தூதரகங்கள். அவற்றின் அலுவலர்களுக்குப் பாதுகாப்பு குறைவு. அலுவல் சார்ந்த செயல்களுக்கு விலக்கு உண்டு. மற்றபடி, கடுங்குற்றமாக இருந்து உரிய நீதித்துறை அமைப்பும் ஆணையிட்டால் கைது செய்யலாம். கௌரவத் தூதர்களுக்கு அதனினும் குறைவு. வாகனத்தின் நீல எண்பலகையில் ‘சி.டி.’ என்றிருப்பதற்கும் ‘சி.சி.’ என்றிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இந்த வேறுபாட்டின் விலையை 2013 டிசம்பரில் நியூயார்க்கில் நாம் கண்டோம். துணைத் தூதரக அதிகாரி தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டு, ஆடை களைந்து சோதிக்கப்பட்டார். அவருக்குத் துணைத் தூதரக அளவிலான விலக்குரிமையே உண்டு என்று அமெரிக்கா வாதிட்டது. கொதித்தெழுந்த இந்தியா, தில்லி அமெரிக்கத் தூதரகத்தின் முன்பிருந்த தடுப்புகளை அகற்றியது. பின்னர் அவரை ஐ.நா.வுக்கான இந்தியத் தூதுக்குழுவுக்கு மாற்றி, முழு விலக்குரிமை பெறச் செய்தே தாயகம் அழைத்துவர முடிந்தது. விதியைப் பிடித்துக்கொண்ட அமெரிக்கா, கண்ணியத்தைக் கைவிட்டது என்பதே என் கருத்து. விதியையும் கண்ணியத்தையும் சேர்த்தே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

இந்திய வெளியுறவுப் பணியினருக்குப் பயிற்சியில் குறைவில்லை. 1986-இல் தொடங்கப்பட்டு 2020-இல் சுஷ்மா ஸ்வராஜ் பெயர் சூட்டப்பட்ட வெளியுறவுப் பணி நிறுவனம், பிற நாட்டுத் தூதரக அலுவலர்களுக்கும் வகுப்பு நடத்துகிறது. வெளியுறவு மத்தியப் பட்டியலில் உள்ள பொருள் என்பதால், மாநில அலுவலர்களுக்கு இது தேவையில்லை என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. நடைமுறை அதைக் கடந்துவிட்டது. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசின் முன் நின்றார். 2022-இல் அதே ஊரில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் வந்தன. 2023-இல் ஜி-20 தலைமைப் பொறுப்பின்போது சுமார் 60 நகரங்களில் 200-க்கும் அதிகமான கூட்டங்கள் நடந்தன. இவற்றின் சுமையில் பெரும்பகுதியைத் தாங்கியவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களும் உள்ளூர்க் காவல் துறையுமே. பல இடங்களில் இறுதி வாரத்தில் ஓடியாடிக் கற்றிருப்பார்கள். விழா முடிந்து இடமாறுதல் வந்ததும் அந்த அறிவும் அவர்களுடனேயே போய்விட்டிருக்கும்.

திருக்குறளில் ‘தூது’ என்று தனி அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஆயினும், பயிற்சி வகுப்பில் பழம்பெருமை பேசினால் போதாது. சுற்றறிக்கையைப் படித்துக் காட்டுவதும் போதாது. உண்மை நிகழ்வுகளை முன்வைத்து, இந்தச் சூழலில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். நாற்காலிகளைப் போட்டு, கொடிகளை நட்டு, ஒத்திகை பார்க்க வேண்டும். விருந்தினரின் பெயரைச் சரியாக உச்சரிக்கவும், அவர் உண்ணாத உணவு எது என்று விசாரிக்கவும், பெற்ற அன்பளிப்பை முறைப்படி அறிவித்து வெளியுறவு அமைச்சகத்தின் தோஷாகானாவில் ஒப்படைக்கவும் பழக்க வேண்டும். அவ்வகுப்பில் ஆட்சியருடன் வட்டாட்சியரும், விமான நிலையக் குடியேற்ற அலுவலரும், காவல் நிலைய எழுத்தரும் அமர்ந்திருக்க வேண்டும்.

வகுப்புக்குக் காத்திராமல் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. அயல்நாட்டவரைக் கைது செய்தால் அவரிடம் சொல்ல வேண்டிய இரண்டு வரிகள், தகவல் தர வேண்டிய உயர் அலுவலர், சம்பந்தப்பட்ட தூதரகத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் எழுத்தரின் மேசைக்கு மேலே ஒட்டிவைக்கலாம்.