நோயல்லாத நிழல்கள்

(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

சென்ற ஆண்டு என் தந்தையார் மிதிவண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அம்மா, மூளையின் அடிப்பகுதியில் குறுக்கே ஓடிய கறுப்புப் பட்டையைக் காட்டி, "நீதான் காலேஜ் படிக்கிறியே, இது என்னடா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. மறுநாள் மருத்துவர், "அது நோயில்லை, எலும்பால் வந்த பொய்த் தோற்றம்" என்றார். அது ஏன் வருகிறது என்று தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் உறுப்புகளின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஸ்கேன் கருவியோ பல கோணங்களிலிருந்து கதிர்களைச் செலுத்தி, அவை எவ்வளவு குறைந்து வெளிவருகின்றன என்று அளந்து, கணக்கிட்டுக் குறுக்குவெட்டுப் படம் அமைக்கிறது. 1971 அக்டோபர் முதல் நாள், இலண்டன் விம்பிள்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. கோணத்துக்கு 160 அளவீடாக 180 கோணங்களில் மொத்தம் 28,800 அளவீடுகளை அது எடுத்தது. அதே 1971-இல் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் இத்தகைய கணக்கை எளிதாகவும் விரைவாகவும் செய்யும் முறையை வெளியிட்டனர். இராமச்சந்திரன் முன்னர்ச் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக விளங்கியவர் என்பது நமக்குப் பெருமை.

இக்கணக்கு மூன்று செய்திகளை உண்மையெனக் கொள்கிறது. கதிர்கள் யாவும் ஒரே ஆற்றலுடையவை, நோயாளி அசையவில்லை, உணர்விகள் எல்லாம் சரியாக அளக்கின்றன. இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் இல்லாதது படத்தில் தோன்றும்.

முதலாவதைப் பார்ப்போம். நம் கடற்கரைச் சாலையில் ஓட்டப்பந்தயம் நடப்பதாகக் கொள்வோம். வலுவற்றவர்கள் முதற்பாதியிலேயே நின்றுவிடுவர். பிற்பாதியில் நிற்பவர் சிலரே. அதனால் பிற்பாதி எளிய பாதை என்று சொன்னால் தவறல்லவா? எக்ஸ்ரே கற்றையிலும் ஆற்றல் குறைந்த கதிர்களை எலும்பு முதலில் விழுங்கிவிடுகிறது. எஞ்சிய வலிய கதிர்கள் எளிதாகக் கடக்கின்றன. இடையில் பொருள் குறைவு என்று கணிப்பொறி கருதி அவ்விடத்தைக் கறுப்பாகக் காட்டுகிறது. இரு காதுகளின் உட்புறக் கெட்டி எலும்புகளுக்கு இடையே என் தந்தையார் படத்தில் தெரிந்த பட்டை இதுவே.

தங்கப்பல், தோடு, மூக்குத்தி போன்றவை கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், நட்சத்திரம் போல் கீற்றுகள் விழும். நகைகளைக் கழற்றச் சொல்வது இதனால்தான். நோயாளி அசைந்தால் விளிம்புகள் இரட்டையாகவோ மங்கலாகவோ தெரியும். சுழலும் கருவியில் ஓர் உணர்வி பிழையாக அளந்தால், படத்தில் வளையம் தோன்றும்.

இவற்றைக் குறைக்க வழிகளும் உண்டு. அலுமினியம், செம்பு போன்ற தகடுகளால் வலுக்குறைந்த கதிர்களை முன்னரே வடிகட்டுகின்றனர். நீர் நிரப்பிய மாதிரியைக் கொண்டு கருவியைச் சரிபார்க்கின்றனர். கணக்கிலும் திருத்தம் செய்கின்றனர்.

ஆயினும் எது நோய், எது நிழல் என்று நாமே முடிவு கட்டலாகாது. அதை மருத்துவரே சொல்ல வேண்டும். உடலில் உலோகம் இருந்தால் முன்னரே தெரிவிப்பதும் அசையாமல் படுத்திருப்பதும் நம் கடமை. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "அன்னைக்கே தெரிஞ்சிருந்தா தூங்கியிருப்போமே" என்றார். நம்மில் ஒருவர் வீட்டிலாவது அத்தகைய இரவு வராதிருக்க இக்கட்டுரை உதவுமாயின் மகிழ்வேன்.