வீட்டுக் கணினிக்கு எந்த உலாவி?

அவிநாசியில் பனியன் ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கும் உறவினர் ஒருவரின் வீட்டில், தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று இன்றும் உயிரோடிருக்கிறது. பிளஸ் 2 படிக்கும்போது அதைப் பெற்ற மகள் இப்போது பெங்களூருவில் வேலை பார்க்கிறார். மடிக்கணினி பெற்றோரிடமே தங்கிவிட்டது. வங்கிக் கணக்குப் பார்ப்பது, மின்கட்டணம் செலுத்துவது, சரக்கு அனுப்ப இ-வே பில் எடுப்பது, இரவில் பழைய திரைப்படப் பாடல் கேட்பது என எல்லாமே அதில்தான். சென்ற முறை போயிருந்தபோது, குரோம் உலாவியின் மேற்பகுதியில் ஓர் அறிவிப்பு நின்றிருந்தது: இனிவரும் புதுப்பிப்புகளைப் பெற விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. 'அது ரொம்ப நாளாகவே வருகிறது, மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம்' என்றார் அவர்.

அந்த அறிவிப்பின் பொருளை அவர் அறிந்திருக்கவில்லை. விண்டோஸ் 7, 8.1 ஆகிய இயங்குதளங்களுக்கு குரோம் தந்த கடைசிப் பதிப்பு 109. அது வெளியானது 2023 ஜனவரியில். அதற்குப் பின் கண்டறியப்பட்ட பாதுகாப்புக் குறைகள் எதற்கும் அந்தக் கணினியில் மருந்து இல்லை. பூட்டு உடைந்த கதவை வெறுமனே சாத்தி வைத்துவிட்டு, அந்த அறைக்குள் வங்கிப் புத்தகத்தை வைத்திருப்பதைப் போன்றது இது.

2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் லட்சக்கணக்கான மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. சோமனூர், பல்லடம் விசைத்தறி வீடுகளிலும், பொள்ளாச்சித் தோப்பு வீடுகளிலும், ஈரோட்டு மஞ்சள் வணிகர் வீடுகளிலும் அவற்றில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே, 'எந்த உலாவி நல்லது?' என்ற கேள்விக்கு முன்பாக, 'நம் வீட்டு உலாவி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது?' என்று கேட்பதே முறை. உலாவியின் உதவிப் பகுதியில், அதன் பெயரோடு 'பற்றி' என்றிருக்கும் பக்கத்தைத் திறந்தால் பதிப்பு எண் தெரியும். அந்தப் பக்கம் திறந்தவுடனேயே, புதுப்பிப்பு இருந்தால் அது தானாக இறங்கத் தொடங்கும்.

இதிலேயே இன்னொரு குழப்பமும் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அன்றே உலாவியும் நின்றுவிட்டது என்று பலர் எண்ணிக்கொண்டனர். இயங்குதளத்தின் ஆயுள் வேறு, உலாவியின் ஆயுள் வேறு. விண்டோஸ் 10-இல் எட்ஜ் உலாவியைக் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்பதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. எனவே, விண்டோஸ் 10 கணினியை உடனே எடைக்குப் போட வேண்டியதில்லை. ஆனால், அடியிலுள்ள தளத்தின் ஓட்டைகளை உலாவியால் அடைக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கடையில் வரிசையாகப் பல பெயர்கள் இருப்பதைப் போலத் தோன்றும். குரோம், எட்ஜ், பிரேவ், ஓபேரா, விவால்டி, நம்மூர் உலா. கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பம்ப்செட்டின் மேல்மூடியும் பெயர்ப்பலகையும் மாறியிருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரே மோட்டார். மேற்சொன்ன ஆறும் கூகுள் முன்னின்று வளர்க்கும் குரோமியம் என்ற திறமூல மென்பொருளின் மீது கட்டப்பட்டவை. மைக்ரோசாஃப்டே தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு, 2020 ஜனவரியில் எட்ஜை குரோமியத்துக்கு மாற்றிக்கொண்டது. வேறு மோட்டாரில் ஓடுபவை பெருவழக்கில் இரண்டுதான். ஒன்று ஆப்பிளின் சஃபாரி. அது ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும். மற்றொன்று மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ்.

ஒரே மோட்டாராக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்விக்கான விடையை ஒருமுறை அனுபவித்தே அறிந்திருக்கிறோம். இருபதாண்டுகளுக்கு முன் தமிழ் இணையதளங்கள் பல தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென்றே வகுக்கப்பட்ட முறையில் அந்த எழுத்துரு தானாக இறங்கும். அதே பக்கத்தை வேறு உலாவியில் திறந்தால் பொருளற்ற குறிகளின் குவியல்தான் தெரியும். 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸின் முதல் பதிப்பு வந்தபோது அதை விரும்பி நிறுவிய தமிழ் வாசகர், செய்தி படிப்பதற்காக மட்டும் பழைய உலாவிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஒருங்குறியில் அமைந்த பக்கங்களிலும் ஃபயர்ஃபாக்ஸ் தொடக்கத்தில் சறுக்கியது. அதன் 2-ஆம் பதிப்பில், இருபுறமும் சமமாக அமைக்கப்பட்ட பத்திகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நின்றன. 2008 ஜூனில் வந்த 3-ஆம் பதிப்பில்தான் அது நேரானது.

அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு வந்ததில் கோவைக்கும் பங்குண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அதையொட்டியே ஒருங்குறியைத் தமிழுக்கான குறியாக்கத் தரமாகத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. இன்று எந்த உலாவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரிகிறது. ஓர் உலாவியை மட்டும் நம்பி எழுதாமல், எல்லோருக்கும் பொதுவான தரத்தை நம்பி எழுதியதன் பயன் அது. ஓர் இயந்திரமே எங்கும் நிறைந்துவிட்டால், பக்கங்களை வடிவமைப்பவர்கள் மறுபடியும் அந்த ஒன்றில் மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். சில தளங்கள் 'குரோமில் திறக்கவும்' என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டன.

பாதுகாப்பிலும் இந்த வேறுபாடு ஒருமுறை கைகொடுத்தது. 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுளின் இணைய முகவரிகளுக்கே முறையற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரு தளம் தான் சொல்லிக்கொள்ளும் தளம்தானா என்பதை உலாவிக்கு உறுதிசெய்வது இந்தச் சான்றிதழ்தான். இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்ததால், விண்டோஸில் இயங்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போன்றவை அவற்றை ஏற்றிருக்கும். தனக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருக்கும் ஃபயர்ஃபாக்ஸில் அந்த மூலச் சான்றிதழ் இல்லை. அதனால் அது பாதிக்கப்படவில்லை. யாரை நம்புவது என்ற முடிவை நமக்காக உலாவியே எடுக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பலர் உணர்ந்தனர்.

உள்நாட்டு உலாவி வேண்டும் என்ற கோரிக்கைக்குப் பின்னே இந்தக் கதையும் இருக்கிறது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2023 ஆகஸ்டில் இந்திய உலாவி உருவாக்கப் போட்டியை அறிவித்தபோது, இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை உள்ளடக்கிய உலாவியையே கேட்டது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதற்பரிசான ஒரு கோடி ரூபாய் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோவுக்குக் கிடைத்தது. 2023 மே மாதமே அந்நிறுவனம் வெளியிட்டிருந்த உலாவியின் பெயர் உலா. தலைவன் வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கிய வகையின் பெயர் ஒரு மென்பொருளுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததில் தமிழாசிரியர்களுக்கு மகிழ்ச்சி இருக்கும்.

உலாவை வீட்டில் பயன்படுத்தலாமா? தாராளமாகப் பயன்படுத்தலாம். பயனரைப் பின்தொடரும் நிரல்களை அது தடுக்கிறது. பயனரின் தரவை விற்பதில்லை என்று நிறுவனம் சொல்கிறது. பணிக்கு ஒன்று, சொந்தப் பயனுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று எனத் தனித்தனி முறைமைகள் அதில் உண்டு. ஒரே கணினியில் அப்பா கணக்கு எழுதி, பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும் வீட்டுக்கு இது உண்மையிலேயே உதவும். ஆனால், அதுவும் குரோமியத்தின் மீது கட்டப்பட்டதே என்பதை மறைக்க வேண்டியதில்லை. மோட்டார் கூகுளுடையது, வீட்டின் மற்ற ஏற்பாடுகள் நம்முடையவை. 2010-இல் பெங்களூருவிலிருந்து வந்த எபிக் உலாவி முதலில் ஃபயர்ஃபாக்ஸின் அடித்தளத்தில் தொடங்கி, 2013-இல் குரோமியத்துக்கு மாறியது. ஓர் இயந்திரத்தை முதலிலிருந்து எழுதி, நாள்தோறும் பராமரிப்பது அவ்வளவு செலவு பிடிக்கும் காரியம்.

ஃபயர்ஃபாக்ஸும் முழுச் சுதந்திரம் உடையதல்ல. அதன் வருவாயில் பெரும்பகுதி, கூகுளை இயல்புத் தேடுபொறியாக வைப்பதற்காகக் கூகுள் தரும் பணம். போட்டியாளரின் சம்பளத்தில் வாழும் போட்டியாளர் அது. இருந்தும் ஒரு காரியத்தில் அது பிடிவாதமாக நின்றிருக்கிறது. நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதால், விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சி குரோமில் பழைய வடிவில் இயங்குவதில்லை. அதன் குறைந்த வடிவமே கிடைக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் அது முழுமையாக இயங்குகிறது.

விளம்பரத் தடுப்பைச் சொகுசு என்று கருத வேண்டாம். வீடுகளில் பணம் பறிபோகும் வழிகளில் தேடல் பக்கத்தின் உச்சியில் வரும் பொய் விளம்பரமும் ஒன்று. வங்கியின் உதவி எண்ணைத் தேடுகிறோம். முதலில் வருவது மோசடிக்காரரின் எண். பாட்டுக் கேட்கப் போன தளத்தில் 'அறிவிப்புகளை அனுமதிக்கவா?' என்று ஒரு கட்டம் தோன்றுகிறது. தொல்லை தீரட்டும் என்று 'அனுமதி'யை அழுத்துகிறோம். மறுநாள் முதல் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று திரையின் ஓரத்தில் வந்துகொண்டே இருக்கும். அது வைரஸ் அன்று. நாமே கொடுத்த அனுமதி. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புப் பகுதிக்குச் சென்று அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். என் உறவினரின் கணினியில் இப்படிப் பதினொரு தளங்கள் இருந்தன.

முகவரிப்பட்டையின் பூட்டுச் சின்னத்தைப் பற்றியும் ஒரு சொல். பூட்டு இருந்தால் தளம் நல்லது என்று பலருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான பேச்சை மூன்றாமவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. மோசடித் தளங்களும் பூட்டுடன்தான் வருகின்றன. இந்தத் தவறான நம்பிக்கை காரணமாகவே குரோம் 2023-இல் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. பார்க்க வேண்டியது முகவரியின் எழுத்துகளை. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

மறைநிலைச் சாளரமும் அப்படித்தான். வீட்டிலுள்ள மற்றவர்கள் நம் வரலாற்றைப் பார்க்காதபடி அது காக்கும். இணையதளத்திடமிருந்தோ, இணைய இணைப்புத் தருபவரிடமிருந்தோ காக்காது. அமெரிக்காவில் இதுபற்றிய வழக்கில் கூகுள் சமரசம் செய்துகொண்டு, சேமித்த தரவை அழிக்க 2024-இல் ஒப்புக்கொண்டது.

முதியவர்கள் உள்ள வீட்டுக்கு எட்ஜில் ஒரு நன்மை இருக்கிறது. பக்கத்தை உரக்கப் படிக்கும் வசதியில் அது தமிழையும் தெளிவாகவே வாசிக்கிறது. அந்தக் குரல்களுக்கு பல்லவி என்றும் வள்ளுவர் என்றும் பெயர். கண்புரை அறுவைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு நாளிதழை வள்ளுவர் வாசித்துக் காட்டுவது சிறிய உதவியன்று.

என் பரிந்துரை இதுதான். அன்றாட வாசிப்புக்கும் வங்கிக்கும் யூபிளாக் ஆரிஜின் நிறுவிய ஃபயர்ஃபாக்ஸ். அதில் திறக்க மறுக்கும் அரசுத் தளங்களுக்காக குரோமியம் வகை உலாவி ஒன்று. அது உலாவாகவோ எட்ஜாகவோ இருக்கலாம். கடவுச்சொற்களை இரண்டிலும் சேமிக்காமல் ஒன்றில் மட்டும் சேமியுங்கள். தெரியாத நீட்சிகளை நிறுவாதீர்கள். நீட்சிக்கு நாம் படிக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கும் உரிமை இருக்கக்கூடும்.

அவிநாசி மடிக்கணினிக்கு இதுவும் போதவில்லை. விண்டோஸ் 7-க்காக மொசில்லா தன் 115-ஆம் நீண்டகாலப் பதிப்பின் ஆதரவைப் பலமுறை நீட்டித்தது உண்மை. ஆனால், தளமே கைவிடப்பட்ட பிறகு அது கடன் வாங்கிய காலம்தான். அந்த மடிக்கணினிகள் வந்தபோதே விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது; அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அதை எண்ணி, காந்திபுரத்துக் கடையொன்றில் ரேமைக் கூட்டி, வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, எளிய லினக்ஸ் ஒன்றையும் இன்றைய ஃபயர்ஃபாக்ஸையும் நிறுவினோம். வங்கித் தளம் திறந்தது, இ-வே பில் திறந்தது, பாட்டும் தடையின்றி ஓடியது. பழைய அச்சுப்பொறி மட்டும் லினக்ஸுக்கு இணங்கவில்லை. அச்செடுக்க வேண்டியதை இப்போது அவர் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பால் வாங்கப் போகும்போது வாங்கி வருகிறார்.