உங்கள் நாளைக் கேட்டு எழுதும் மருந்து

மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று என்று பொருள். ஆனால் நீங்கள் மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர், விடிந்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எது காலை, எது இரவு?

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். இல்லை. கிளிமிபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் கீழே இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், மயக்கமே வரலாம். மாத்திரை நல்ல மாத்திரைதான். “உங்கள் வேலை நேரம் என்ன?” என்ற கேள்விதான் விடுபட்டுவிட்டது.

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதற்குப் பெயர் நோயாளி மையச் சிகிச்சை (உங்கள் பழக்கம், வசதி, விருப்பம் ஆகியவற்றைக் கேட்டு, உங்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் வைத்தியம்). 2001இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வெளியிட்ட அறிக்கை, நல்ல வைத்தியத்துக்கான ஆறு இலக்குகளில் இதையும் ஒன்றாகச் சேர்த்தது.

அப்படியென்றால் நான் கேட்பதையெல்லாம் டாக்டர் எழுதித் தருவாரா? மாட்டார். வைரஸால் வரும் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் (பாக்டீரியாக் கிருமியை அழிக்கும் மருந்து) வேலை செய்யாது. நீங்கள் கேட்டாலும் தரக்கூடாது. ஏன் தரவில்லை என்று உங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் அவர் கடமை.

இப்படிக் கேட்டுச் செய்யும் வைத்தியத்தால் செலவு கூடுமா? குறையவும் வாய்ப்பு உண்டு. வாங்கி வந்து டப்பாவிலேயே கிடக்கும் மாத்திரை, பழைய ரிப்போர்ட் கையில் இல்லாததால் மறுபடி எடுக்கும் ரத்தப் பரிசோதனை, மருந்தை விட்டுவிட்டதால் மறுபடி அட்மிட் ஆவது எல்லாமே உங்கள் காசுதான்.

டாக்டருக்கு நேரமே இல்லையே, வெளியே அவ்வளவு கூட்டம் நிற்கிறதே? உண்மைதான். அதனால் வீட்டிலேயே தயாராகிப் போங்கள். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தாளில் எழுதுங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடக்கூடும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, விலை குறைந்த மாற்று மருந்து இருக்கலாம்.

எழுந்திருக்கும் முன் ஒரு நிமிடம்: “டாக்டர், நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்” என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்படிக் கேட்க எனக்கு உரிமை உண்டா? உண்டு. உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன டாக்டர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்கும் சேர்த்துக் கொடுத்த சம்மதம் ஆகாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தள்ளிப்போட முடியாத அவசரம் மட்டுமே விதிவிலக்கு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே கையெழுத்துப் போடும் முன், என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாதவர்கள் என்ன செய்வது? அதற்காகத்தான் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் (உடற்பயிற்சி வழி வைத்தியம்) உண்டு. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழப்பவர் வீட்டில் இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

கடைசியாக ஒன்று. மருந்து உங்கள் நாளுக்குப் பொருந்தவில்லை என்றால் நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல், சீட்டை எடுத்துக்கொண்டு போய் இவ்வளவு மட்டும் சொல்லுங்கள்: “டாக்டர், நான் நைட் ஷிப்ட். காலையில் சாப்பிடுவதில்லை. இதை எப்போது போடட்டும்?”