எண்டோமெட்ரியோசிஸ் நோயும் ஹார்மோன் மருந்துகளும்

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய படலம் போர்த்துள்ளது. திங்கள்தோறும் அது தடித்து வளர்ந்து, கரு அமையாவிடின் குருதியோடு கழிந்துபோம். இப்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்குப் புறத்தே, சூலகத்தின்மேலும் வயிற்றறையின் உட்சுவரிலும் வேர்கொள்வதே எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயாகும். அத்திசுவும் திங்கள்தோறும் குருதி கசிதலுண்டு. ஆயின் அக்குருதி வெளிப்போதற்கு வழியின்மையின், அவ்விடம் அழன்று வடுப்பட்டு, உறுப்புக்களை ஒன்றோடொன்று பிணித்துவிடும். நோவோ சொல்லுந்தரத்ததன்று. மகப்பேறு தடைப்படுதலும் உண்டு.

பிள்ளை பெறும் பருவத்து மகளிருள் ஏறத்தாழப் பதின்மருக்கு ஒருவர், அஃதாவது உலகெங்கும் 19 கோடிப் பேர், இந்நோயுடையர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அங்ஙனமிருந்தும், நோய் இன்னதெனத் துணியப்படுமுன் ஆண்டுகள் பல கழிகின்றன. மாதவிடாய்க்கால வலி பெண்டிர்க்கு இயல்பேயென வீட்டாரும், சிற்சில விடங்களில் மருத்துவரும் கூறி வாளாவிருத்தல் இதற்கொரு காரணம். எழுந்து நடக்கவும் ஒட்டாத நோவை இயல்பென்றல் யாங்ஙனம் பொருந்தும்?

இனி மருந்தினை நோக்குவாம். இத்திசுவிற்கு உணவு போல்வது, சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். அவ்வுணவைக் குறைப்பதும், அதன் செயலை எதிர்ப்பதுமே ஹார்மோன் மருந்துகளின் நோக்கம். பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் கிஸ்ட்னர், கருவுற்றாரது உடல்நிலையை மருந்தினாற் போலியாக உண்டாக்கி இந்நோயைத் தணிக்கும் முறையை 1950-களின் இறுதியில் எடுத்துரைத்தார். அதற்குப் பயன்பட்டவை புரோஜெஸ்டின் என்னும் இனத்து மருந்துகள். அவற்றுள் ஒன்றாகிய நோரெதிஸ்டிரோன், 1951-ஆம் ஆண்டில் மெக்சிகோ நகரில், அந்நாட்டுக் காட்டுவள்ளிக்கிழங்கினின்று பெற்ற மூலப்பொருளைக்கொண்டு ஆக்கப்பட்டது. கானகத்துக் கிழங்கொன்று இத்துணைப் பேருக்கு உதவுமென யாவர் எண்ணியிருப்பர்! இவ்வினத்து மருந்துகள் இன்றும் முதற்கண் தரப்படுவன. திசுவை மெலிவித்து நோவைக் குறைப்பன. ஒழுங்கின்றிக் குருதி படுதலும் மனச்சோர்வும் சிலர்க்கு உண்டாம்.

மற்றொரு வகை இன்னும் நுட்பமானது. மூளையின் அடிப்பகுதியினின்று ஒரு ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரந்து, பிட்யூட்டரிச் சுரப்பியின் வாயிலாகச் சூலகத்தை ஏவும். அதனையொத்த மருந்தை இடையறாது உடலிற் செலுத்தின், பிட்யூட்டரி முதலிற் சிறிது கிளர்ந்து, பின்னர் அடங்கிவிடும். ஓயாதொலிக்கும் கல்லூரி மணிக்கு மாணாக்கர் எவரும் எழாதவாறு போலென்க. சூலகம் உறங்க, ஈஸ்ட்ரோஜன் வற்றும், நோவும் தணியும். ஆயின் எலும்பின் வலிமைக்கும் ஈஸ்ட்ரோஜனே துணையாதலின், எலும்பு தேயத் தொடங்கும். உடல் வெப்பெழுதலும் உறக்கமின்மையும் உடன்வரும். அதனால் ஈஸ்ட்ரோஜனைச் சிற்றளவில் மீளக் கொடுத்து எலும்பைக் காப்பர். 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல்பெற்ற எலகோலிக்ஸ் மாத்திரையையும் இக்காரணம்பற்றியே, நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் அளவில் 24 மாதத்திற்கு மேற்படாமல் உண்ணவேண்டுமென வரையறுத்தனர்.

இம்மருந்துகள் நோயை அடக்குவனவேயன்றி வேரறுப்பனவல்ல. நிறுத்திய பின்னர்ப் பலர்க்கு நோவு மீளும். இவற்றுட் பெரும்பாலன சூல்முட்டை வெளிப்படுதலைத் தடுப்பனவாதலின், மகவை விரும்புவார்க்கு உதவா. அன்னார் நோவு பொறுத்து மகவை நாடுவதோ, நோவைத் தணித்து மகவினைச் சிலகாலம் தள்ளிவைப்பதோ என, மருத்துவரொடு தாமே ஆய்ந்து துணியவேண்டியவராகின்றனர்.